பழைய காரின் பின்லைட்டில் தண்ணீர்: சிலிக்கன் பூசுவதற்கு முன் பார்க்கவேண்டியவை

உவர்மலையில் இருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பா வைத்திருந்த எண்பதுகளின் நிசான் சன்னி, இப்போது இவர் கையில். இடப்பக்கப் பின்லைட்டின் மூலை வெடித்திருக்கிறது. மழை பெய்தால் லைட்டுக்குள் தண்ணீர் நிற்கிறது, டிக்கியில் ஸ்பெயார் வீல் கிடக்கும் குழியும் நனைகிறது. பிரேக்கை மிதித்தால் அந்தப் பக்கம் மங்கலாக எரிகிறது, கூடவே சிக்னல் லைட்டும் மினுங்குகிறது. கராஜில் சுற்றிவர சிலிக்கன் பூசிக் கொடுத்தார்கள். அடுத்த மழையோடு பழைய கதைதான். முழு லைட்டையும் மாற்றவேண்டுமா, வீட்டிலேயே சரிக்கட்டலாமா என்பது கேள்வி.

தம்பி, மாற்றவேண்டிய தேவை வராது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ஒரு பழுது என்று நீங்கள் எழுதியிருப்பது உண்மையில் மூன்று பழுது. லென்சுக்குள் தண்ணீர் போவது ஒன்று. லைட்டுக்கும் காரின் தகரத்துக்கும் இடையால் டிக்கிக்குள் தண்ணீர் இறங்குவது இன்னொன்று. பிரேக் மங்குவது மூன்றாவது. முதலிரண்டும் சேர்ந்து மூன்றாவதைக் கொண்டுவந்திருக்கலாம், ஆனால் மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. சிலிக்கன் பூசியவர் மூன்றையும் ஒரே பூச்சில் முடிக்கப் பார்த்திருக்கிறார். தண்ணீர் எந்த வழியால் வருகிறது, எந்த வழியால் வெளியேறவேண்டும் என்று பார்க்காமல் அடைத்தால், வந்த தண்ணீருக்குப் போக வழியில்லாமல் போகும்.

பின்லைட் முழுக்கக் காற்றுப் புகாத பெட்டி அல்ல, அப்படி அது செய்யப்படவும் இல்லை. பிரேக் லைட் 21 வொட். எரியும்போது உள்ளே இருக்கும் காற்று சூடாகி விரிந்து வெளியேறும். அணைந்தபின் காற்று சுருங்கி வெளியில் இருப்பதை உள்ளே இழுக்கும். விளிம்பில் ஈரக்காற்று இருந்தால் ஈரக்காற்று, தண்ணீர் நின்றால் தண்ணீர். ஓடிவந்த சூட்டோடு காரை நிறுத்திவிட்டு ஹோஸ் பிடித்துக் கழுவினால் இந்த இழுப்பு இன்னும் பலமாக இருக்கும். இதற்காகத்தான் பல லைட்டுகளின் அடியில் ஒரு சிறு வடிகால் துவாரமும், சிலவற்றில் பின்பக்கம் ஒரு காற்றுக்குழாயும் வைத்திருக்கிறார்கள். விடியற்காலையில் லென்சின் உட்புறம் மங்கி, லைட்டைப் போட்டுக் கொஞ்ச நேரத்தில் தெளிந்தால் அதை விட்டுவிடலாம். அடியில் தண்ணீர் அசைவது தெரிந்தால்தான் கழற்றவேண்டும்.

நம்மூரில் அந்த வடிகாலை அடைப்பது பெரும்பாலும் மண்குளவி. சில வாரம் ஓடாமல் மரத்தடியில் நின்ற காரில், பென்சில் முனை அளவுத் துவாரத்துக்குள் களிமண்ணை அப்பி வைத்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் சேறு தெறித்ததுபோலத்தான் இருக்கும். ஒரு ஈர்க்கைச் செருகிப் பாருங்கள். இறுக்கமாக நின்றால் மண் உள்ளே இருக்கிறது. கம்பியால் குத்தவேண்டாம், லைட்டின் கூடு வெடிக்கும். தண்ணீர் விட்டு ஊறவைத்து ஈர்க்காலேயே கிண்டி எடுங்கள். உங்கள் லைட்டில் இந்தத் துவாரம் சிலிக்கனால் மூடப்பட்டிருக்கும் என்பது என் சந்தேகம். ஆகவே முதல் வேலை, பூசியதை எல்லாம் உரித்தெடுப்பது. பிளாஸ்டிக் அட்டையோ மர ஆப்போ போதும். சிலிக்கன் கரையட்டும் என்று தின்னரோ பெற்றோலோ தொட்டுத் துடைக்கவேண்டாம். பழைய பின்லைட் லென்ஸ் பெரும்பாலும் அக்ரிலிக். அந்தத் திரவங்கள் பட்டால் அதில் மயிரிழை வெடிப்புகள் பூக்கும், பிறகு அவற்றை எடுக்கவே முடியாது. சவர்க்காரத் தண்ணீர் போதும்.

சிலிக்கனைப் பற்றி இன்னொன்று. பூசும்போது வினாகிரி மணம் வந்தால் அது காயும்போது அசற்றிக் அமிலம் விடும் ரகம். மூடிய லைட்டுக்குள் அந்த ஆவி பித்தளை ஹோல்டரையும் செம்பு வயரையும் அரிக்கும். ஒரு பக்கம் துறைமுகம், மறுபக்கம் கடல் என்று நிற்கும் திருகோணமலையில் உப்புக்காற்றே அந்த வேலையை ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறது, நாமும் சேர்ந்து செய்யத் தேவையில்லை. பூசித்தான் ஆகவேண்டும் என்ற இடத்தில் மணமில்லாத நியூட்ரல் ரகத்தைக் கேட்டு வாங்குங்கள்.

இனி, டிக்கிக்குள் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கவேண்டும். இதை ஊகத்தில் விடாதீர்கள். டிக்கி ரப்பர், பின்கண்ணாடியைச் சுற்றிய ரப்பர் பீடிங், கூரையின் தகர ஒட்டு என்று எதால் வந்தாலும் தண்ணீர் உள்ளால் ஓடி லைட்டின் பின்பக்கத்தில்தான் சொட்டும். பழி லைட்டில் விழும். டிக்கியின் உள் அட்டைகளைக் கழற்றி எல்லாவற்றையும் துடைத்துக் காயவைத்து, லைட்டின் பின்புறத் தகரத்தில் முகப்பவுடரை மெல்லிதாகத் தூவுங்கள். பின் சீட்டின் சாய்மனையைக் கழற்றி, ஒருவர் காருக்குள் இருந்தபடியே டோர்ச் அடித்துப் பார்க்கட்டும். டிக்கிக்குள் ஆளை விட்டு மூடவே கூடாது. வெளியே நிற்பவர் ஹோசை வேகமாக அடிக்காமல் மழைபோல விடவேண்டும், அதுவும் கீழிருந்து மேலே. முதலில் லைட்டின் அடிவிளிம்பு, சில நிமிடம் கழித்து பக்கவிளிம்பு, பிறகு மேல்விளிம்பு, அதற்குப் பிறகுதான் டிக்கி மூடியும் கண்ணாடியும். மேலிருந்து தொடங்கினால் எல்லாம் ஒரேயடியாக நனைந்துவிடும், எந்த இடம் என்று சொல்லமுடியாது. தண்ணீர் நுழையும் இடத்தில் பவுடரில் ஒரு கோடு விழும். அந்தக் கோட்டின் மேல்முனைதான் உங்கள் ஓட்டை.

லைட்டின் விளிம்பில்தான் கோடு தொடங்குகிறது என்றால், லைட்டுக்கும் தகரத்துக்கும் இடையில் தண்ணீரை மறிக்கும் ஸ்பொஞ்ச் காஸ்கெட் செத்துவிட்டது. எண்பதுகளின் ஜப்பான் கார்களில் பொதுவாக லைட்டின் பின்னால் ஸ்டட்டுகள் நீட்டி நிற்கும், டிக்கிக்குள்ளிருந்து நட் போட்டிருக்கும், 8 அல்லது 10 மில்லிமீற்றர் சாவி பொருந்தும். கழற்றிப் பார்த்தால் காஸ்கெட் கடதாசிபோலத் தட்டையாகிக் கறுத்து, விரலால் தேய்த்தால் பொடியாக உதிரும். அதன் அடியில் தகரத்தில் துரு பிடித்திருக்கிறதா என்று நன்றாகப் பாருங்கள். பிடித்திருந்தால் பளபளக்கும்வரை உரசி, பிரைமர் அடித்து, பெயின்ற் அடித்துக் காய்ந்தபிறகுதான் புதுக் காஸ்கெட். துருவுக்கு மேலே ஒட்டியது நிற்காது.

புதுக் காஸ்கெட்டுக்கு ஹார்ட்வெயார் கடையில் கதவு இடுக்குக்கு விற்கும் மெத்தைப் பட்டியை வாங்கிவிடாதீர்கள். ஒரு துண்டைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிழிந்து பாருங்கள். தண்ணீரைக் குடித்தால் அது வேண்டாம், மழைத்தண்ணீரைத் தகரத்தோடு அணைத்து வைத்துத் துருவை வளர்க்கும். தண்ணீரைக் குடிக்காத கறுப்பு ரப்பர் ஸ்பொஞ்ச், 5 அல்லது 6 மில்லிமீற்றர் தடிப்பு, அதுதான் சரி. பட்டியின் இரு முனையும் சந்திக்கும் இடம் லைட்டின் அடிப்பக்கத்தில் வரவேண்டும், மேல்பக்கத்தில் வரக்கூடாது. நட்டுகளை எதிரெதிர் மூலையாக, கையால் இறுக்கி, பிறகு சாவியால் கொஞ்சம் மட்டும். ஸ்டட் பிளாஸ்டிக்குக்குள் பதிந்திருக்கிறது. பலத்தைக் காட்டினால் அப்படியே பிடுங்கிக்கொண்டு வரும். ஸ்பெயார் வீல் குழியின் அடியில் ஒரு ரப்பர் மூடியும் இருக்கும். அதைக் கழற்றி நின்ற தண்ணீரை விட்டு, குழியைக் காயவைத்து, திரும்பப் போடுங்கள்.

வெடித்த மூலைக்கு வருவோம். லென்ஸ் ஸ்க்ரூவால் பூட்டிய ரகம் என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். ஒட்டிய ரகமாக இருந்து, விளிம்பில் கறுப்புப் பசை தெரிந்தால், ஹெயார் ட்ரையரால் சுற்றிவரச் சூடுகாட்டிக் கழற்றலாம். அக்ரிலிக் ஏறத்தாழ 100 பாகையில் இளகத் தொடங்கும், ஆகவே ஹெட்லைட்டை ஓவனில் வைப்பதைக் காட்டும் வீடியோக்களைப் பார்த்து இதையும் வைத்துவிடாதீர்கள். பசையே தெரியாமல் இரு பிளாஸ்டிக்கும் உருகி ஒன்றான மாதிரி இருந்தால் அது வெல்ட் செய்தது. கழற்றப் பார்த்தால் உடையும். அதை வெளியிலிருந்தே திருத்தவேண்டும்.

வெடிப்பு மட்டும், துண்டு எதுவும் போகவில்லை என்றால் சுப்பர் க்ளூவைத் தொடவேண்டாம். அதன் ஆவி லென்சின் உட்புறத்தில் வெள்ளைப் படலமாகப் படியும், ஒட்டிய இடமும் அதிர்வுக்கு விட்டுவிடும். அக்ரிலிக் எழுத்து வெட்டிப் பெயர்ப்பலகை செய்யும் கடைகளில் தண்ணீர்போல ஒரு ஒட்டுத்திரவம் வைத்திருப்பார்கள். அது பசை அல்ல, அக்ரிலிக்கைக் கரைத்து இரு விளிம்பையும் ஒன்றாக்கும் திரவம். லென்சைக் கழுவி நன்றாகக் காயவைத்து, வெடிப்பை இறுகச் சேர்த்து வெளிப்பக்கம் டேப் போட்டு, உட்பக்கத்தால் சிறிஞ்சில் ஒரு துளியை வெடிப்பின் வாயில் வையுங்கள். அது தானாகவே இழுபட்டு முழு நீளத்துக்கும் ஓடும். அந்த நேரம் வெடிப்பின் வெள்ளைக் கோடு கண்முன்னே சிவப்பாக மாறி மறையும். மறையாத இடம் சேரவில்லை என்று பொருள், அங்கே இன்னொரு துளி. ஒருநாள் முழுக்க அசைக்காமல் விடுங்கள். திறந்த வெளியில், கையுறை போட்டுச் செய்யுங்கள், அந்த ஆவி சுவாசிக்க நல்லதல்ல. துண்டு போயிருந்தால் அதே கடையில் சிவப்பு அக்ரிலிக் தகட்டுத் துண்டு கிடைக்கும். ஓட்டைக்குப் பொருந்த அறுத்து, சூடுகாட்டி இளக்கி வளைத்து, அதே திரவத்தால் ஒட்டலாம். அழகாக இராது, சிவப்பாக இருக்கும், தண்ணீர் போகாது.

ஒட்டும்போது கட்டாயம் கவனிக்கவேண்டிய ஓர் இடம் உண்டு. லென்சில் ஒரு பகுதி தேன்கூடு மாதிரி நுண்ணிய முகங்களோடு இருக்கும். பல்ப் இல்லாமலே, பின்னால் வரும் வாகனத்தின் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் ரிஃப்ளெக்டர் அது. இருட்டில் லைட் அணைத்து நிற்கும் காரைக் காட்டிக்கொடுப்பது அதுதான். அந்த நுண்முகங்களுக்குப் பின்னால் காற்று இருக்கும்வரைதான் அது வேலை செய்யும். தண்ணீரோ பசையோ சிலிக்கனோ உட்பக்கத்தில் ஒட்டினால் அந்த இடம் செத்துப்போகும். ராத்திரியில் பத்துப் பதினைந்து அடி தள்ளி நின்று, டோர்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து அடித்துப் பாருங்கள். இரு பக்கமும் ஒரே மாதிரிப் பளிச்சென்று திரும்பவேண்டும். திரும்பாவிட்டால் பம்பரில் ஒரு சிவப்பு ரிஃப்ளெக்டரைப் பூட்டுங்கள். வேலை முடியும்வரை ஓடத்தான் வேண்டும் என்றால் உடைந்த மூலையில் ஒளி ஊடுருவும் சிவப்பு லென்ஸ் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். பின்னால் வெள்ளை வெளிச்சம் தெரிந்தால் ரிவர்ஸ் வருகிறீர்கள் என்றுதான் மற்றவர் நினைப்பார். நகப்பூச்சு, சிவப்புப் பெயின்ற் எல்லாம் வேண்டாம், வெளிச்சத்தைக் குடித்துவிடும்.

இப்போது பிரேக் மங்குவது. நான் இதைத்தான் பெரிதாக எடுப்பேன். கந்தளாய் தாண்டி ஹபரணை வரையான காட்டுப்பாதையில் யானை குறுக்கே வந்தால் யாரும் அறிவித்துவிட்டு பிரேக் பிடிப்பதில்லை. பின்னால் வரும் லொறிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் அந்தச் சிவப்பு பளிச்சென்று கூடுவதுதான் ஒரே செய்தி. மழை இருட்டில் பார்க் லைட்டுக்கும் பிரேக் லைட்டுக்கும் வித்தியாசம் தெரியாத காரை ஓட்டவே கூடாது.

பிரேக்கை மிதிக்கச் சிக்னலும் மினுங்குகிறது என்று நீங்கள் எழுதிய உடனேயே எர்த் பழுது என்று சொல்லலாம். அந்த லைட்டில் உள்ள பல்புகள் எல்லாம் பொதுவாக ஒரே எர்த்தால்தான், அதாவது காரின் தகரத்துக்குப் போகும் ஒரே வயரால்தான், மின்னைத் திருப்பி அனுப்புகின்றன. அந்த இடம் களிம்பு பிடித்து அடைபட்டால், வாசல் பூட்டியிருக்கப் பக்கத்து வளவால் நடப்பதுபோல மின் அடுத்த பல்பின் இழைக்குள் புகுந்து வழி தேடும். அதனால்தான் தொடர்பில்லாத லைட் எரிகிறது, எரியவேண்டியது மங்குகிறது. பரீட்சை சுலபம். ஒரு துண்டு வயரின் ஒரு முனையை ஹோல்டரின் எர்த்தில் தொட்டு, மறுமுனையைப் பெயின்ற் இல்லாத தகரத்தில் தொடுங்கள். ஒருவர் பிரேக்கை மிதிக்கட்டும். லைட் உடனே பளிச்சென்று எரிந்தால் பழுது பிடிபட்டது. மீற்றர் இருந்தால் இன்னும் நல்லது: பிரேக் மிதித்தபடி ஹோல்டரின் எர்த்துக்கும் நல்ல தகரத்துக்கும் இடையில் 0.2 வோல்ற்றுக்கு மேல் காட்டக்கூடாது.

நிசானில் எர்த் வயர் பொதுவாகக் கறுப்பு, டொயோட்டாவில் வெள்ளையில் கறுப்புக் கோடு. அதைப் பிடித்துக்கொண்டு போனால் டிக்கியின் தகரத்தில் ஒரு ஸ்க்ரூவில் முடியும். கழற்றி, ஸ்க்ரூவின் கீழ்த் தகரத்தையும் வயர் வளையத்தையும் உரசுதாளால் பளபளக்க உரசி, பல்லுள்ள வாஷர் போட்டு இறுக்கி, மேலால் கிரீஸ் பூசிவிடுங்கள். உரசாமல் இறுக்குவது மட்டும் பிரயோசனப்படாது. மொரிஸ் மைனர், ஒஸ்டின் வைத்திருப்பவர்களும் இதைக் கவனிக்கவேண்டும். அந்தக் கார்களில் பல இடங்களில் லைட்டின் உலோகக் கூடே தகரத்தோடு தொட்டு எர்த் எடுக்கிறது. புது ரப்பரும் புதுப் பெயின்றும் போட்டவுடன் லைட் மங்கினால் காரணம் அதுதான். தனி எர்த் வயர் ஒன்று இழுத்துவிடுங்கள்.

பல்ப் ஹோல்டருக்குள் பச்சை பூத்திருந்தால் பற்றரித் தொடர்பை எடுத்துவிட்டு மெல்லிய உரசுதாளைச் சுருட்டி உள்ளே திருப்புங்கள். அடியில் இருக்கும் ஸ்பிரிங் துள்ளுகிறதா என்று விரலால் அமுக்கிப் பாருங்கள். பல்ப் இரட்டை இழை ரகம், 21 வொட் பிரேக்குக்கு, 5 வொட் பார்க்குக்கு. அதன் பக்கத்துக் குமிழ்கள் இரண்டும் ஒரே உயரத்தில் இல்லாதது, ஒரே பக்கமாகத்தான் போகவேண்டும் என்பதற்காக. மறுபக்கமாகத் திணித்தால் பார்க் லைட் பிரேக் அளவுக்கு எரியும், பிரேக் பிடித்தால் பார்க் அளவுக்குத்தான் எரியும். உங்கள் பல்பைக் கழற்றியதும் இதையும் பார்த்துவிடுங்கள், தேய்ந்த ஹோல்டரில் இது நடக்கக்கூடியது. உள்ளே வெள்ளி பூசிய கிண்ணத்தைத் துணியால் அழுத்தித் துடைக்கவேண்டாம், பூச்சு கழன்று வரும். சவர்க்காரத் தண்ணீர் ஊற்றி அலசிக் கவிழ்த்துக் காயவிடுங்கள்.

எல்.ஈ.டி. பல்ப் போடலாமா என்று கேட்பீர்கள். இந்த லைட்டுக்கு நான் சொல்லமாட்டேன். இழை பல்புக்கென்று வளைத்த கிண்ணத்தில் எல்.ஈ.டி. நடுவில் ஒரு புள்ளியாக எரியும், ஓரம் இருட்டாக இருக்கும். சிக்னலுக்குப் போட்டால் அவசரமாக மினுங்கும். அதைவிட முக்கியம், இழை பல்பின் சூடுதான் மாரியில் உள்ளே பிடிக்கும் ஈரத்தைக் காயவைக்கிறது, எல்.ஈ.டி. அவ்வளவு சூடு தராது. பழைய ஆங்கிலேயக் கார்கள் சிலவற்றில் பொசிட்டிவ் எர்த், அதாவது பற்றரியின் பொசிட்டிவ் முனைதான் தகரத்தோடு பூட்டியிருக்கும், அங்கே சாதாரண எல்.ஈ.டி. எரியவே எரியாது.

காலத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒட்டுவதும் பெயின்ற் அடிப்பதும் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் செய்யவேண்டிய வேலை. ஐப்பசி பிறந்து வாடை திரும்பினால் இங்கே தகரம் காயவே காயாது. மழை தொடங்கிவிட்டதென்றால் எர்த்தையும் வடிகாலையும் மட்டும் இப்போது பாருங்கள், லென்சுக்கு டேப் போட்டு ஓட்டுங்கள், மீதியை மாசிக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

இதெல்லாம் பார்த்தும் லென்ஸ் மீளாது என்றால் பழைய லைட் தேடவேண்டியதுதான். 2020 மார்ச்சிலிருந்து 2025 தொடக்கம்வரை வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்த காலத்தில் பழைய கார்களின் மதிப்பு ஏறியதோடு இந்தச் சாமான்களுக்கும் கிராக்கி கூடியது. கொழும்பு பஞ்சிகாவத்தையில் கிடைக்கும், ஆனால் சன்னி என்று மட்டும் சொல்லிப் போனில் கேட்டு எடுப்பிக்காதீர்கள். ஒரே பெயரில் வருடத்துக்கு வருடம் லைட் மாறியிருக்கும், செடானுக்கும் வேகனுக்கும் பொருந்தாது. லென்சின் ஓரத்தில் கொய்ட்டோ, ஸ்டான்லி, இச்சிகோ போன்ற ஒரு பெயரும் அதன் பக்கத்தில் ஒரு இலக்கமும் வார்ப்பிலேயே இருக்கும். அதைப் படம் எடுத்து அனுப்பி, அதே இலக்கமா என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். கையில் வாங்கியதும் வெயிலுக்கு நேரே பிடித்து ஸ்க்ரூ துவாரங்களைச் சுற்றி மயிரிழை வெடிப்பு உண்டா என்று பாருங்கள். பின்பக்க ஸ்டட்டுகளை ஒவ்வொன்றாக அசைத்துப் பாருங்கள்; ஒன்று ஆடினாலும் விலையைப் பார்த்து மயங்கவேண்டாம், அந்தப் பக்கத்துக் காஸ்கெட் அமுங்காது. உங்கள் பழைய லைட்டையும் எறிந்துவிடாதீர்கள். அதன் பல்ப் ஹோல்டரும் ஸ்க்ரூக்களும் இனிக் கடையில் கிடைக்காது, உடைந்த சிவப்பு லென்ஸ் அடுத்த வெடிப்புக்குத் துண்டு வெட்டிப் போட உதவும்.